1964 மோரிஸ் மைனர் 1000: 11 ஆண்டுகள் நின்ற காரைச் சாலைக்குக் கொண்டுவர எங்கிருந்து தொடங்குவது?

ஜெலுத்தோங் பேரன் கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். என் தாத்தா மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவர். 1964இல், இங்கிலாந்திலிருந்து முழுக் காராகவே கப்பலில் வந்திறங்கிய மோரிஸ் மைனர் 1000 ஒன்றைப் பினாங்கில் புதிதாக வாங்கினார். நான்கு கதவுகள், 1098 சி.சி. எஞ்சின், இன்றும் அதே பதிவு எண். 1972இல் என் பெற்றோருக்குத் திருமணம் நடந்தபோது, அம்மா இந்தக் காரின் பின்னிருக்கையில் அமர்ந்துதான் புகுந்த வீட்டுக்கு வந்தார். அப்பா இருந்தவரை அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். அவர் காலமான பிறகு எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் 11 ஆண்டுகள் அசையாமல் நின்றுவிட்டது. கடல் காற்று எட்டுகிற இடம் அது.

சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் காரை ஒப்படைத்தேன். எஞ்சினை ஓடவைத்து, வெளிர்நீலச் சாயம் அடித்து, அடிப்பக்கம் முழுவதும் துருவைத் தடுக்கும் கறுப்பு அண்டர்சீல் பூச்சு பூசி, 9,500 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, "இனிக் கவலை வேண்டாம், ரோட்டில் ஓட்டலாம்" என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். பார்வைக்குக் கார் அவ்வளவு அழகாக இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு வாரம் கழித்துப் பெய்த மழையில் முன் இருக்கைக்குக் கீழே கம்பளம் நனைந்திருந்ததால், அதைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் குனிந்து, அண்டர்சீல் பளபளவென்று இருந்த ஓர் இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து மெல்ல அழுத்தினேன். அது கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது முனையில் பிஸ்கட் தூள்போலத் துரு ஒட்டிக்கொண்டிருந்தது. படங்களை இணைத்திருக்கிறேன்.

எஞ்சின் ஓடுகிறது. ஆனால் பிரேக் பெடலை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. காரின் கிராண்ட் (உரிமைப் பதிவுப் பத்திரம்) இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. சாலை வரியும் அப்பா காலத்தோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. இந்தக் காரிலேயே ஒருமுறை சுங்கைப் பட்டாணிக்குப் போய்த் தம் தங்கையைப் பார்த்துவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதி சாயத்துக்குப் போய்விட்டது. மிச்சத்தை எந்த வேலையிலிருந்து செலவிடத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

செந்தூல் பட்டறைக்காரர் எழுதுகிறார்:

தம்பி, படங்களைப் பார்த்தேன். ஸ்குரூ டிரைவர் உள்ளே போன இடத்தைப் பார்த்ததும் மனம் கனத்துவிட்டது. முன் இருக்கைகளுக்குக் கீழே காரின் குறுக்காக ஓடும் பெட்டிச் சட்டம் அது. இந்தக் காரின் முதுகெலும்பு என்றே சொல்லலாம். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் தளமும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டவை. முன்புறத்தில் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்க இரண்டு பெட்டிக் கால்கள் மட்டும் நீண்டிருக்கும். முன் சக்கரங்களைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அன்று, டார்ஷன் பார் எனப்படும் நீளமான எஃகுக் கம்பிகள். அந்தக் கம்பிகளின் பின்முனைகள் போய்ப் பிடித்துக்கொண்டிருப்பது நீங்கள் துளைத்த அதே குறுக்குச் சட்டத்தில்தான். கம்பி முறுக்கேறி நிற்கும்போது அதன் விசை முழுவதும் அந்தத் தகட்டின் மேல் விழுகிறது. ஆகவே எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், இந்தக் கார் இப்போது நகரக் கூடாது. வீட்டு வாசல்வரை என்றாலும் வேண்டாம்.

செலவின் வரிசை என்னைப் பொறுத்தவரை இதுதான்: தகடு, பிரேக், முன் சக்கர மூட்டுகள், வயரிங், அதன் பிறகே எஞ்சின். சாயம் எல்லாவற்றுக்கும் கடைசி. உங்களுக்கு இது தலைகீழாக நடந்திருக்கிறது. புதுச் சாயத்தின் சில பகுதிகள் வெல்டிங் சூட்டில் கருகத்தான் செய்யும். அதை நினைத்துத் தகட்டு வேலையைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள்.

முதலில் அண்டர்சீலைச் சுரண்டி எடுங்கள். சிறிய சுத்தியலால் ஓர் அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு மணிபோல ஒலிக்கும். அழுகிய தகடும் புட்டி வைத்து மறைத்த இடமும் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள், பின்புற லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடம், முன் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதி ஆகிய இந்த நான்கையும் தட்டிப் பார்த்து, சாக்கட்டியால் குறியிட்டுப் படம் எடுங்கள். அதைப் பார்க்காமல் யாரும் உங்களுக்குச் சரியான விலை சொல்ல முடியாது.

வெல்டிங் செய்பவரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். துருவின் மேல் புதுத் தகட்டை ஒட்டவைக்கக் கூடாது. சுத்தமான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த விளிம்பில்தான் புதுத் தகட்டை இணைக்க வேண்டும். சில் பெட்டியை வெட்டும்போது கதவுகள் மாட்டியே இருக்கட்டும். கதவுச் சட்டத்தின் குறுக்கே ஒரு தாங்குகம்பியைத் தற்காலிகமாக வெல்டிங் செய்துகொள்வதும் நல்லது. இல்லாவிட்டால் கார் நடுவில் மில்லிமீட்டர் கணக்கில் தொய்ந்துவிடும்; எல்லாம் முடிந்த பிறகு கதவு மூடாது. வேலை முடிந்ததும் பெட்டிகளின் உட்புறத்தில் மெழுகு பீய்ச்சுங்கள். அடியில் இருக்கும் நீர் வடியும் துளைகளை அண்டர்சீல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் நம் ஊர் மழைக்கும் ஈரக் காற்றுக்கும் அந்த அடைபட்ட துளைகளே போதும், மூன்றே ஆண்டுகளில் பழைய கதை திரும்பிவிடும். உதிரிப்பாகத்துக்குக் கவலை இல்லை. 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. தளத் தகடுகளும் சில் பெட்டிகளும் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன.

பிரேக் பற்றி: முன்னும் பின்னும் டிரம், எல்லாம் ஒரே குழாய் வழி. ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். 11 ஆண்டுகள் நின்ற காரில் பழுதான ஒன்றை மட்டும் மாற்றுவது சரியன்று. மாஸ்டர் சிலிண்டர், முன் சக்கரத்துக்கு இரண்டிரண்டாகவும் பின் சக்கரத்துக்கு ஒவ்வொன்றாகவும் இருக்கும் ஆறு வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் குழாய்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் குழாய் போட்டால் துரு பிடிக்காது. பிரேக் ரப்பரை எஞ்சின் எண்ணெயாலோ பெட்ரோலாலோ துடைக்கவே கூடாது, ஊதிப் போய்விடும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். இதை நான் தெரிந்துகொள்வதற்குள் பல ஆண்டுகள் அந்தத் தூசியைச் சுவாசித்துவிட்டேன்.

பட்டர்வொர்த் அக்கா எழுதுகிறார்:

தம்பி, காரைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். பத்திர வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் மாமனாரின் ஆஸ்டினுக்காக நானே அலைந்து முடித்தேன்.

வெல்டிங்குக்கு ஒரு வெள்ளி கொடுப்பதற்கு முன்பே, கிராண்டை எடுத்துக்கொண்டு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்புக்குப் போய், அந்தப் பதிவு எண் அவர்களுடைய பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறதா, நிலுவை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். தாத்தாவின் பெயரிலேயே இருப்பதால், வெறும் குடும்பச் சம்மதக் கடிதத்தைக் கொண்டு பெயர் மாற்ற முடியாது. அமானா ராயா என்னும் அறங்காவல் நிறுவனம் வழியாகவோ நீதிமன்றத்தின் நிர்வாகப் பத்திரம் வழியாகவோ வாரிசுரிமையை முடித்த பிறகே மாற்றம் நடக்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், தகட்டு வேலை நடக்கும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். உங்கள் அப்பாவும் காலமாகிவிட்டதால் இரண்டு தலைமுறைப் பத்திரங்கள் தேவைப்படும். இறப்புச் சான்று, பிறப்புச் சான்று, திருமணச் சான்று அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

புஸ்பாகோம் என்னும் வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் பரிசோதனையில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மைனரில் அந்த எண்கள் சிறு தகடுகளில் இருக்கும். உங்கள் காருக்குச் சாயம் அடித்தவர்கள் அந்தத் தகடுகளைக் கழற்றித் திரும்ப மாட்டினார்களா, அல்லது அதன் மேலேயே சாயம் அடித்துவிட்டார்களா என்று இன்றே பாருங்கள். என் மாமனார் காரில் அந்தத் தகடு ஒரு பழைய மில்க்மெய்ட் டின்னுக்குள் கிடந்தது. அதைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது என்பதால், காப்புறுதி நிறுவனத்திடம் இந்தக் காருக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி தருவார்களா என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் நண்பர் எழுதுகிறார்:

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். என் மைனரில் ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டிருக்கிறேன். பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் பாகம் மலிவாகக் கிடைக்கிறது, நெடுஞ்சாலையில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. ஆனால் ஒன்று: எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதி பெற்று, கிராண்டில் புது எண்ணைப் பதிந்துகொண்டே ஓட்டுகிறேன். அதோடு பிரேக்கையும் டிஸ்க்காக மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

செபராங் ஜெயா வயர்மேன் எழுதுகிறார்:

நண்பர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இந்தக் கேள்வியில் இருக்கும் காருக்கு எஞ்சின் மாற்றம் வேண்டாம் என்பதே என் கருத்து. பெயர் மாற்றமே இன்னும் முடியாத காரில் எஞ்சின் எண்ணையும் மாற்றினால், ஒரு சிக்கலோடு இன்னொன்றையும் சேர்த்துக் கட்டியதாகும். சுங்கைப் பட்டாணிக்கு ஒரு பயணம் போய்வர, நல்ல நிலையில் இருக்கும் 1098 எஞ்சினே தாராளமாகப் போதும்.

நான் மின்வேலை செய்பவன், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கத்துக்கு இது நேர்மாறு. பட்டறைப் பையன் பழக்கதோஷத்தில் நெகட்டிவை உடலோடு இணைத்தால் டைனமோவும் அதன் ரெகுலேட்டரும் கெட்டுப்போகும். கைப்பேசி சார்ஜரையோ கேமராவையோ யோசிக்காமல் மாட்டினால் அதுவும் கருகும். காரில் இருப்பது இரண்டே இரண்டு ஃபியூஸ். முன்விளக்குகளுக்கு ஃபியூஸே கிடையாது. ஆகவே 60 ஆண்டுப் பழைய வயரின் உறை எங்கேனும் உரிந்து உடலைத் தொட்டால், ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு துண்டிப்பு சுவிட்சும், முன்விளக்குகளுக்குத் தனி ஃபியூஸும் போடுங்கள். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

பெட்ரோல் வரும் வழியைக் காதாலேயே சோதிக்கலாம். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ மின்பம்பு டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது அல்லது பெட்ரோல் கசிகிறது. டாங்கியைக் கழற்றிக் கழுவாமல் ஓடவைத்திருந்தால், 11 ஆண்டு வண்டல் வடிகட்டியில் வந்து சேரும். அந்தப் பட்டறை டாங்கியைக் கழற்றியதா என்று பில்லைப் பாருங்கள்.

அந்தக் காலத்து எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. ஈயமில்லாப் பெட்ரோலில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடம் நாளடைவில் தேயும். வால்வு இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் அளக்கும்போது குறைந்திருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வால்வு அமரும் இடத்தில் கடின உலோக வளையங்கள் போட்டால் போதும். இன்றே அந்தச் செலவு தேவையில்லை.

இன்னொரு சிறு விஷயம். இந்தக் காரின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருகியவர்கள் விட்டுப்போன மழுங்கிய நட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் அங்குல ஸ்பேனர் செட் வாங்கி, வேலை செய்பவர் கையில் நீங்களே கொடுங்கள்.

ஜெலுத்தோங் பேரன் மீண்டும் எழுதுகிறார்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அக்கா சொன்னபடி முதலில் ஜேபிஜேக்குப் போனேன். பதிவு எண் அப்படியே இருக்கிறது, வாரிசுப் பத்திரங்களைக் கேட்டிருக்கிறார்கள். சேசிஸ் தகட்டின் மேல் நீலச் சாயம் இருந்தது. தின்னரில் நனைத்த பஞ்சால் ஒரு மாலை முழுவதும் துடைத்து எண்ணை வெளியே கொண்டுவந்தேன். சுத்தியலால் தட்டிக் குறியிட்டதில் குறுக்குச் சட்டத்தின் இடது முனையும் இரண்டு சில் பெட்டிகளும் போய்விட்டன. பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள் இரண்டும் மணிபோல ஒலித்தன. பிறை என்ற ஊரில் ஒரு வெல்டிங்காரர், கதவுகளை மாட்டியபடியே வெட்டி, வேலையை முடித்துத் தந்திருக்கிறார். கதவுகள் நான்கும் ஒரு விரலால் தள்ளினால் மூடுகின்றன.

இப்போது இரண்டு கேள்விகள். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தளத்துக்குக் கீழே, பெட்டிக் காலின் உள்ளே இருக்கிறது. நட்டைக் கழற்றிவிட்டேன்; ஆனால் போல்ட்டை வெளியே இழுத்தால் டார்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. இரண்டாவது, முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வலது சக்கரம் லேசாக ஆடுகிறது. பேரிங்கா, வேறு ஏதாவதா?

செந்தூல் பட்டறைக்காரர் எழுதுகிறார்:

தம்பி, தகட்டு வேலையை முறையாக முடித்ததைப் படித்து மகிழ்ச்சி.

அந்த போல்ட் எல்லா மைனர்காரர்களையும் ஒருமுறை நிறுத்திவைக்கும். டார்ஷன் பாரை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். முறுக்கேறிய கம்பி கையை உடைத்துவிடும். சக்கரத்தைக் கழற்றி, சஸ்பென்ஷனின் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, அந்த ஆர்மை மெல்லக் கீழே இறக்கி முறுக்கை முழுவதும் தளர்த்திய பிறகே பாரை ஒதுக்க வேண்டும். அதற்கு முன் பாரின் பற்களும் அது நுழையும் இடமும் எந்த நிலையில் பொருந்தியிருக்கின்றன என்று சாயப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறினாலும் காரின் உயரம் மாறிவிடும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகி, நட்டு பார் இருக்கும் பக்கம் வரும்படி முடுக்குங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

வலது சக்கரம் ஆடுவதை அலட்சியம் செய்ய வேண்டாம். உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் டிரன்னியன். அது முன் சஸ்பென்ஷனில் இருக்கும் மரைபோட்ட மூட்டு. கிரீஸ் காணாமல் மரை தேய்ந்தால், ஒருநாள் கார் நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது மூட்டு பிரிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். தேய்ந்திருந்தால் இரு பக்கமும் புதிது போடுங்கள். பிறகு கிரீஸ் அடிக்கும்போது காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு அடியுங்கள். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது கிரீஸ் மரைக்குள் போகாது. டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ (டயரின் பள்ளக் கோடுகள்) எவ்வளவு இருந்தாலும் அந்த வயது டயர் வேண்டாம்.

புஸ்பாகோமும் சாலை வரியும் முடிந்த பிறகு உடனே பினாங்குப் பாலத்தில் ஏறாதீர்கள். 13.5 கிலோமீட்டர் நீளத்தில் நடுவே நின்றுவிட்டால் ஒதுங்க வழி குறைவு. முதல் ஒரு வாரம் ஜெலுத்தோங், கிரீன் லேன் தெருக்களிலேயே காலை நேரத்தில் ஓட்டுங்கள். பிறகு பாயா தெருபோங் வழியாகப் பாலிக் பூலாவ் ஏறி இறங்குங்கள். ஏறும்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா என்று கவனியுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்து, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், ஏனென்றால் டிரம் சூடேறினால் பிடி குறையும். முதல் கியர் போட வேண்டுமானால் கார் முழுவதும் நின்ற பிறகு போடுங்கள். அதில் சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது. அப்படி 500 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கி, பிரேக் ஷூக்களை மறுபடி சரிசெய்து, நான்கு டிரம்களின் உட்புறமும் கசிவில்லாமல் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் அம்மாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துப் புறப்படலாம்.